உறைந்த தேனைக் கொட்டியவன் எழுதுவது

பல வருடங்களுக்கு முன் ஒரு முழு பாட்டில் தேனைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனது கேட்பதில்லை.

தேனீ வளர்க்கும் ஒரு அக்காவிடம் நேரடியாக வாங்கிய தேன் அது. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் எடுத்துப் பார்த்தால், பாட்டிலின் பாதிவரை வெளிறிப்போய், மணல் மணலாக உறைந்து கிடந்தது. கரண்டியில் எடுத்து வாயில் போட்டேன். நறநறவென்று சர்க்கரை கடிபட்டது. பாகைக் காய்ச்சி ஊற்றிவிட்டார் என்று அந்த நிமிடமே முடிவுகட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டினேன். அதோடு அவரிடம் வாங்குவதையும் நிறுத்தினேன். அப்புறம் வருடம் முழுவதும் ஒரே நிறத்தில், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் பாட்டில்களுக்கு மாறினேன். அவை ஒருநாளும் உறைந்ததில்லை. அதுதான் சுத்தத் தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவரைத் தற்செயலாகப் பார்த்தபோது, மனது உறுத்தியதால் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உறைஞ்சுதுன்னா கொட்டினீங்க தம்பி? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில பாட்டில வச்சிருந்தா இளகியிருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த வருஷம் அஞ்சாறு பேர் அப்படித்தான் வாங்காம நின்னுட்டாங்க" என்றார்.

அவர் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் என்னைத் தேனைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் உறைவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேனில் பத்தில் எட்டுப் பங்கு சர்க்கரை. அதில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள். தண்ணீர் வெறும் 17, 18 சதவீதம்தான். இவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் அவ்வளவு குளுக்கோஸ் நிரந்தரமாகக் கரைந்து நிற்க முடியாது. மெல்லப் படிகமாகப் பிரிந்து அடியில் இறங்கும். 14 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் இது வேகமாக நடக்கும். மகரந்தத் துகள், மெழுகுத் துணுக்கு என்று ஏதாவது மிதந்தால் படிகத்துக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். ஆகவே அதிகம் வடிகட்டாத தேன் சீக்கிரம் உறையும். கடுகு இனத்துச் செடிகளின் தேனில் குளுக்கோஸ் அதிகம்; அது சில வாரங்களிலேயே வெண்ணெய் போல இறுகிவிடும். ரொபீனியா மரத்தின் தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம். வருடக்கணக்கில் இளகியே இருக்கும். உறைவது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. அதே மாதிரி, உறைந்துவிட்டது என்பதற்காக அது சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. எந்தப் பூ, எந்தக் குளிர், எவ்வளவு வடிகட்டல் என்பதைத்தான் அது சொல்கிறது.

வீட்டுச் சோதனைகள் எல்லாமே இப்படித்தான் கைவிடுகின்றன. தண்ணீரில் சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும் என்பார்கள். கெட்டியாகக் காய்ச்சிய எந்தப் பாகும் அப்படித்தான் உட்காரும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினால் எரிய வேண்டும் என்பார்கள். அதில் தெரிவது, குச்சி எவ்வளவு ஈரமாகிவிட்டது என்பது மட்டும்தான். கட்டைவிரலில் வைத்தால் வழியக்கூடாது, காகிதத்தில் ஊறக்கூடாது, எறும்பு வரக்கூடாது என்பதெல்லாம் அதே கணக்குதான். இவை கெட்டித்தன்மையை மட்டும் பார்க்கின்றன. அரிசிப் பாகைத் தேனின் கெட்டித்தன்மைக்குக் கொண்டுவருவது ஒரு தொழிற்சாலைக்குப் பெரிய வேலையா? எறும்புக்கும் இனிப்புதான் தேவை. அது மகரந்தம் தேடி வருவதில்லை.

சரி, தேன் என்றால் என்ன? இதற்கு உலக அளவில் ஓர் எழுத்துப்பூர்வமான பதில் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் என்ற உணவுத் தரநிலை அமைப்பு 1981ல் தேனுக்கு ஒரு தரநிலை வகுத்தது. பின்னர் அதைப் பலமுறை திருத்தியது. அதன் வரையறையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பூக்களின் மதுரத்தையோ, செடிகளில் சுரக்கும் இனிப்பு நீரையோ தேனீக்கள் சேகரித்து, தங்கள் உடலிலிருந்து வரும் பொருட்களைக் கலந்து மாற்றி, அடையில் வைத்து, நீரை வற்ற வைத்து, முதிர விட்ட இயற்கை இனிப்பு. இதில் சேகரிப்பது, மாற்றுவது, வற்ற வைப்பது, முதிர விடுவது எல்லாமே தேனீயின் வேலை. மனிதனுக்கு அதில் வேலையே கிடையாது.

அந்த வேலையின் அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 40 சதவீதம் சர்க்கரை இருக்கும் நல்ல மதுரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேனுக்கு இரண்டு கிலோ மதுரம் வேண்டும். ஒரு தேனீ ஒரு தடவையில் 40 மில்லிகிராம் சுமந்து வருகிறது என்றால், ஏறக்குறைய 50,000 முறை பறந்து போய்த் திரும்ப வேண்டும். வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, தங்கள் நொதிகளைச் சேர்க்கின்றன. ஒரு நொதி சுக்ரோஸை உடைத்து எளிய சர்க்கரைகளாக்குகிறது. இன்னொன்று குளுக்கோஸின் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுகிறது. தேன் கெடாமல் இருப்பதற்கு அந்த அமிலமும் ஒரு காரணம். பிறகு இராப்பகலாகச் சிறகை விசிறி நீரை வற்ற வைக்கின்றன. 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் அறையை மெழுகால் மூடுகின்றன. அந்த மெழுகு மூடிதான் "முதிர்ந்துவிட்டது, இனி எடுக்கலாம்" என்று தேனீ சொல்வது. ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தேன்தான் அதன் கணக்கில் சேரும் என்பார்கள்.

இதெல்லாம் காத்திருக்க வேண்டிய வேலை. காத்திருப்பதற்கும் செலவாகும். அங்கேதான் முதல் ஏமாற்று தொடங்குகிறது. சர்க்கரையே கலக்காத ஏமாற்று அது. அடை மூடப்படுவதற்கு முன்பே, தண்ணீர் தளும்பும் நிலையிலேயே பிழிந்துவிடுவது. அப்புறம் ஆலையில் வெற்றிடக் கலனில் வைத்து நீரை உறிஞ்சிவிடுவது. தேனீக்கள் உடனே அடுத்த சுற்றுக்குப் பறக்கும். அதே பெட்டியிலிருந்து அதிகத் தேன் கிடைக்கும். தண்ணீர் அளவு எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். ஆனால் தேனீயின் வாயிலும் அடையிலும் நடந்திருக்க வேண்டிய மாற்றம் பாதியில் நின்றுபோயிருக்கும். மணமும் சப்பென்று இருக்கும். உலகத் தேனீ வளர்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பான அபிமோண்டியா, 2019ல் வெளியிட்ட அறிக்கையில் இதையும் மோசடி என்றே எழுதியது. எனக்கு அதில் முழு உடன்பாடு. முதிர விடுவது தேனீயின் வேலை என்று வரையறையே சொல்லும்போது, அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுத் தேன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

தரநிலையில் இருக்கும் எண்களைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கவலை தெரியும். தண்ணீர் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் ஈஸ்ட் கிளம்பிப் புளித்துவிடும். பூத் தேனில் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்து 100 கிராமுக்கு 60 கிராமாவது இருக்க வேண்டும். சுக்ரோஸ் பொதுவாக 5 கிராமைத் தாண்டக்கூடாது. சிட்ரஸ் மாதிரி சில பூக்களின் தேனுக்கு 10, லாவெண்டருக்கு 15 வரை விலக்கு உண்டு. எச்எம்எஃப் என்று ஒரு பொருள் இருக்கிறது. புதுத் தேனில் அது கிட்டத்தட்ட இருக்காது. சூடாக்கினாலோ, வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தாலோ ஏறும். கிலோவுக்கு 40 மில்லிகிராம் அதற்கு எல்லை. வெப்ப நாடுகளின் தேனுக்கு 80. டயஸ்டேஸ் என்ற நொதியின் அளவும் அப்படித்தான், சூடு பட்டால் குறையும்.

நல்ல எண்கள்தான். ஆனால் இவற்றில் பல, தேன் புளித்ததா, சூடு பட்டதா, பழசா என்று பார்ப்பதற்காக வைத்தவை. பாகு கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இவை நேராகப் பதில் சொல்வதில்லை. தேனின் இரண்டு முக்கிய சர்க்கரைகளையும் அதே விகிதத்தில் வைத்துப் பாகு தயாரிக்க முடியும். டயஸ்டேஸ் குறைந்தால் வெளியிலிருந்து நொதியை வாங்கிச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிடிப்பதற்கென்றே தனிச் சோதனை வந்தது.

இந்தக் கண்ணாமூச்சியை வரிசையாகப் படித்தபோதுதான், பரிசோதனைச் சான்றிதழ் மேல் எனக்கு இருந்த குருட்டு நம்பிக்கை போனது. 1970களில் மக்காச்சோளத்திலிருந்து ஃப்ரக்டோஸ் மிகுந்த பாகு மலிவாக வரத் தொடங்கியது. தேனில் அதைக் கலந்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. விஞ்ஞானிகள் கார்பனைப் பிடித்தார்கள். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு. தேனீக்கள் போகும் பெரும்பாலான பூச்செடிகளின் வழி வேறு. அதனால் கரும்பு, சோளச் சர்க்கரையில் கனமான கார்பன் அணுக்கள் சற்றுக் கூடுதலாக இருக்கும். தேனையும், அதே தேனில் இருக்கும் புரதத்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அழகான யோசனை. ஆனாலும் இந்த முறையில் 7 சதவீதத்துக்குக் குறைவான கலப்பை உறுதியாகச் சொல்ல முடியாது.

கலப்பவர்களும் படித்தவர்கள்தான். கார்பனை வைத்துப் பிடிக்கிறார்களா, அப்படியென்றால் பூச்செடிகளின் வழியிலேயே கார்பனை எடுக்கும் பயிருக்கு மாறுவோம் என்று அரிசிக்கும் பீட்ரூட் இனக் கிழங்குக்கும் போனார்கள். ஐசோடோப் சோதனை எனப்படும் அந்தக் கார்பன் சோதனை, இந்தப் பாகைத் தேன் என்றே படித்தது. அரிசிப் பாகில் மட்டும் இருக்கும் சில பொருட்களைக் கண்டுபிடித்து அவற்றைத் தேடும் சோதனைகள் வந்தன. அந்தப் பொருட்களை நீக்கிய பாகுகள் வந்தன. "இன்னின்ன சோதனையில் தேறும்" என்று சொல்லியே விற்கப்படும் பாகுகள் இருந்திருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது பெரிதாகப் பேசப்படுவது என்எம்ஆர். காந்தப்புலத்தில் தேனை வைத்து, அதிலுள்ள நூற்றுக்கணக்கான பொருட்களின் கூட்டுக் கைரேகையை ஒரே நேரத்தில் எடுக்கும் முறை. எடுத்த கைரேகையை உண்மைத் தேன்களின் தொகுப்போடு ஒப்பிட வேண்டும். அந்தத் தொகுப்பில் இல்லாத ஒரு காட்டுப்பூவின் தேன் வந்தால்? நல்ல தேனையே சந்தேகப்படும். தொகுப்பில் எந்தெந்த நாட்டுத் தேன் எவ்வளவு இருக்கிறது, அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேனீ வளர்ப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நான் எந்தச் சோதனையையும் குறை சொல்லவில்லை, எல்லாமே வேண்டும். ஆனால் ஒரு சோதனை, தான் தேடப் பழகியதை மட்டும்தான் தேடும். "சோதனையில் தேறியது" என்று பார்த்தால் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சோதனையில்?

தேன் பயணிக்கும் வழி தெரியாமல் இந்தக் கலப்படம் எங்கே நுழைகிறது என்பது புரியாது. உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறக்குறைய 18 லட்சம் டன் தேன் எடுக்கப்படுகிறது. அதில் சுமார் கால்பங்கு சீனாவிலிருந்து. தேன்பெட்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியை ஒட்டி வரும். வகுத்துப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு வருடத்துக்கு 18 கிலோ. அதை எடுக்கும் கைகள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. ஒருவரிடம் 20 பெட்டி, இன்னொருவரிடம் 300. அவர்களிடமிருந்து தரகர் வாங்குகிறார், 300 கிலோ டிரம்களில் ஏற்றுமதியாளரிடம் போகிறது, கப்பல் ஏறுகிறது, இறக்குமதியாளர், அப்புறம் பாட்டிலில் அடைக்கும் நிறுவனம். அங்கே பல நாட்டு டிரம்களைக் கலந்து ஒரே நிறம், ஒரே சுவை என்று சரிசெய்கிறார்கள். நான் "சுத்தம்" என்று நம்பிய அந்த ஒரே நிறம் இங்கேதான் பிறக்கிறது. கலப்பது குற்றமில்லை. ஆனால் கலந்த பிறகு எந்த டிரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடுகிறது. மகரந்தத்தை மிக நுண்ணிய வடிகட்டியில் நீக்கிவிட்டால், எந்த ஊர்த் தேன் என்று சொல்லக்கூடிய கடைசிச் சாட்சியும் போய்விடும்.

இதற்கு ஒரு பெரிய வழக்கே உண்டு. 2001ல் அமெரிக்கா, அடக்க விலைக்கும் கீழே வந்து குவிந்த சீனத் தேனுக்குக் கூடுதல் வரி போட்டது. கொஞ்ச நாளில் வேறு சில நாடுகளிலிருந்து திடீரென்று நிறையத் தேன் வரத் தொடங்கியது. டிரம் அதேதான், அதன் மேல் ஒட்டிய ஊர்ப்பெயர் மட்டும் வேறு. பல வருடம் துப்பறிந்து, 2013 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இரண்டு நிறுவனங்கள் மீதும் பல தனிநபர்கள் மீதும் குற்றச்சாட்டு வைத்தது. ஏய்க்கப்பட்ட வரி 18 கோடி டாலருக்கு மேல் என்றது. சில சரக்குகளில், உணவில் இருக்கவே கூடாத ஆன்டிபயாடிக்குகளும் இருந்தன.

ஐரோப்பாவின் கதை இன்னும் சமீபத்தியது. ஐரோப்பிய ஆணையம் 20 நாடுகளிலிருந்து வந்திறங்கிய 320 சரக்குகளில் மாதிரி எடுத்துச் சோதித்து, 2023 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. 147 மாதிரிகள் சந்தேகத்துக்குரியவை, அதாவது 46 சதவீதம். சில வருடங்களுக்கு முன் செய்த அதே மாதிரியான ஆய்வில் அது 14 சதவீதமாக இருந்தது. சந்தேகத்துக்குரியவை என்பதால் எல்லாமே கலப்படம் என்று நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை; ஆபத்து அதிகம் என்று கருதிய சரக்குகளைக் குறிவைத்து எடுத்த மாதிரிகளும் அதில் உண்டு. அப்படியே இருந்தாலும், கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று என்று படிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

அந்த அறிக்கையிலேயே விலைக்கான விளக்கமும் இருக்கிறது. இறக்குமதித் தேன் கிலோ சராசரியாக இரண்டு யூரோவுக்கு மேல். அரிசிப் பாகு கிலோ 40 முதல் 60 சென்ட். 20 டன் தேன் ஏற்றிய ஒரு கன்டெய்னரில் கால்பங்கு பாகு ஊற்றினால், 5,000 கிலோவில் கிலோவுக்கு ஒன்றரை யூரோ மிச்சம். ஒரே கன்டெய்னரில் 7,500 யூரோ, அதுவும் எந்தத் தேனீயும் பறக்காமல். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று பழமொழி உண்டு. ஆனால் இவர்கள் நக்குவது புறங்கையை இல்லை, தேனீ வளர்ப்பவரின் தட்டையே.

இப்படிச் சொல்வது மிகை இல்லை. டிரம் விலையைத் தீர்மானிப்பது சந்தையில் கிடைக்கும் மலிவான சரக்கு. பாகு கலந்த டிரம் தேன் என்ற பெயரில் உள்ளே வந்துவிட்டால், கலக்காதவரும் அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும். அவர் செலவு குறையுமா? பெட்டி, அடை கட்டும் மரச்சட்டம், பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளை இரவோடு இரவாக ஏற்றிப் போகும் வண்டி வாடகை, பூ இல்லாத மாதங்களில் தேனீக்கு ஊட்டும் சர்க்கரை, வரோவா உண்ணிக்கு மருந்து, வருடா வருடம் செத்துப்போகும் கூட்டங்களுக்குப் பதில் புதுக் கூட்டம். இதோடு, பூக்கும் வாரத்தில் மழை கொட்டினால் அந்த வருடமே போச்சு. பாகுத் தொழிற்சாலைக்கு மழையும் இல்லை, உண்ணியும் இல்லை. கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்கு வருடந்தோறும் பெட்டிகளை ஏற்றிப் போகும் அமெரிக்கத் தேனீ வளர்ப்பவர்கள் பலருக்கு, தேனைவிட மகரந்தச் சேர்க்கைக்கான வாடகைதான் பெரிய வருமானம். தேனையே நம்பியிருப்பவர் தொழிலை விட்டால் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காயும் குறையும். அந்த நஷ்டம் எந்தத் தேன் பாட்டிலின் விலையிலும் சேர்வதில்லை.

விலை அதிகமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நியூசிலாந்தின் மானுகா தேனைப் பாருங்கள். பேர் பெருகப் பெருக, மானுகா என்ற பெயரில் விற்கப்படும் தேனும் பெருகியது. கடைசியில் நியூசிலாந்து அரசே, நான்கு வேதிப்பொருட்கள், மானுகா மகரந்தத்தின் ஒரு டிஎன்ஏ அடையாளம் என ஐந்து அளவுகளை வைத்து, ஏற்றுமதியாகும் தேன் இவற்றில் தேறினால்தான் மானுகா என்று 2018ல் விதி கொண்டுவந்தது. விலை ஏறினால் ஏமாற்றுவதற்கான ஆசையும் ஏறும். மலிவுத் தேனில் பாகு கலக்கிறார்கள், விலை உயர்ந்த தேனில் மலிவுத் தேனையே கலக்கிறார்கள்.

சந்தேகம் என்பதும் ஒரு வகைக் கலப்படம்தான் என்று எனக்குத் தோன்ற வைத்தது ஒரு பழைய கதை. 1881ல் அமெரிக்க வேதியியலாளர் ஹார்வி வைலி ஒரு கட்டுரை எழுதினார். பாரஃபினில் செயற்கையாக அடை செய்து, குளுக்கோஸ் நிரப்பி, மூடியும் போட்டுத் தேனடை என்று விற்கிறார்கள் என்றார். பத்திரிகைகள் அதைப் பரப்பின. மக்கள் அடைத் தேனையே சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். தேனீ வளர்ப்பவர்கள் கொதித்துப்போய் அதற்கு "வைலியின் பொய்" என்றே பெயர் வைத்தார்கள். அப்படிச் செய்த ஓர் அடையைக் காட்டுபவருக்கு 1,000 டாலர் தருகிறேன் என்று ஏ. ஐ. ரூட் என்ற தேனீப்பெட்டித் தயாரிப்பாளர் சவால் விட்டார். இதே வைலிதான் பின்னாளில் உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் பல வருடம் போராடி, 1906ல் அமெரிக்காவின் தூய உணவுச் சட்டம் வரக் காரணமானவர்களில் முதன்மையானவர். நல்ல நோக்கம் உள்ளவர் சொன்ன ஒரு தவறான வார்த்தையே எத்தனை பேர் வயிற்றில் அடித்தது! நான் அந்த அக்காவுக்குச் செய்ததும் அதுதான்.

இன்றைக்கு அந்தச் சந்தேகம் எதுவரை போயிருக்கிறது என்றால், 2025ல் கோபன்ஹேகனில் நடந்த அபிமோண்டியா மாநாட்டில், உலகத் தேனீ வளர்ப்புப் போட்டியில் தேனுக்கான பரிசையே விட்டுவிட்டார்கள். வரும் தேன்களையெல்லாம் கலப்படமில்லை என்று முழுமையாகச் சோதித்து உறுதிசெய்ய முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். தேனீ வளர்ப்பவர்களின் உலகப் போட்டியில் தேனுக்குப் பரிசு இல்லை! ஆயுள் முழுக்க நல்ல தேன் எடுத்த ஒருவர் அந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பார்?

அப்படியானால் எப்படி வாங்குவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். பாட்டிலுக்குள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், லேபிளைப் படிக்கிறேன். எந்த இடம், எந்தப் பூ அல்லது எந்தக் காடு, எந்த மாதம் எடுத்தது என்று எழுதியிருந்தால், எழுதியவர் பிடிபடக்கூடிய ஒரு வாக்கு கொடுத்திருக்கிறார். "பல நாடுகளின் தேன் கலவை" என்று மட்டும் இருந்தால் யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இதை மாற்றத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் சட்டம் திருத்தியது. கலவைத் தேனில் எந்தெந்த நாட்டுத் தேன் எத்தனை சதவீதம் என்று 2026 ஜூன் 14 முதல் லேபிளில் எழுத வேண்டும். எல்லா நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. "ரா" (பதப்படுத்தாதது), "இயற்கை", "நூறு சதவீதம் சுத்தம்" என்ற வார்த்தைகளை நான் படிப்பதே இல்லை. ரா தேன் என்று கோடெக்ஸ் தரநிலையில் ஒரு வகையே கிடையாது.

முடிந்தால் வளர்ப்பவரிடமே வாங்குகிறேன். வாங்கும்போது "இது சுத்தமா?" என்று கேட்பதில்லை. இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்? "இந்த வருடம் எப்படி?" என்று கேட்கிறேன். உண்மையில் வளர்ப்பவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கதை இருக்கும். போன வருடம் கருத்துப் போச்சு, இந்த வருடம் பூ முந்திடுச்சு, நாலு கூட்டம் ஓடிப்போச்சு என்று சொல்வார். நிறமும் சுவையும் மாறாத தேனும், எப்போது கேட்டாலும் கையிருப்பு உண்டு என்ற பதிலும் இப்போது எனக்குக் கொஞ்சம் பயம் தருகின்றன. தேனின் நீர் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. பல வளர்ப்பவர்களிடம் அது இருக்கும், கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள். இடையில் ஒன்று, தேனின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை: எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் நம் வயிற்றில் ஒன்றும் செய்யாது. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கிவிடும்.

விலையைப் பொறுத்தவரை, எல்லாத் தேனையும்விட மிக மலிவாக இருப்பதை எடுப்பதில்லை. 50,000 முறை பறந்து வந்த ஒரு பொருள் சர்க்கரை விலையை நெருங்கினால், நடுவில் யாருடைய கூலியோ விழுங்கப்பட்டிருக்கிறது. என்னால் முடிகிற விலையில், குறைவாக வாங்கி, மெதுவாகச் சாப்பிடுகிறேன்.

அந்த அக்காவிடம்தான் மறுபடியும் வாங்குகிறேன். இந்த முறை இரண்டு பாட்டில் கேட்டிருந்தேன், ஒன்றுதான் கொடுத்தார். பூக்கும் சமயத்தில் இரண்டு வாரம் விடாத மழை. பெட்டிகளைத் திறந்து சட்டங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் மெழுகு மூடி விழுந்த நல்ல அடைகளும் சில இருந்தன. இவற்றை எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"மொத்தத்துக்கு எடுக்கறவர் வந்தாரு தம்பி. போன வருஷத்தைவிடக் குறைச்சு விலை சொல்றாரு. வெளியில இருந்து வர்ற டிரம் அதைவிட மலிவாம். அந்த விலைக்கு நான் பிழிஞ்சு, வடிகட்டி, டின்ல ஊத்தி அனுப்பறதுக்கு, இதுங்களாவது சாப்பிடட்டும்."

சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த தேனீக்களை நசுங்காமல் ஊதி நகர்த்திவிட்டு, அந்த அடையை மறுபடி பெட்டிக்குள் இறக்கி மூடினார்.